நிப்பாட்டக்கூடிய அலை

உம்மா,

வெள்ளம் வடிந்து சில நாட்கள் ஆகின்றன. மாவடிப்பள்ளிப் பக்கம் வயலெல்லாம் இன்னும் குளம் போலத்தான் கிடக்கிறது. நேற்று சுகாதாரப் பகுதியிலிருந்து ஆட்கள் வந்து நம் கிணற்றுக்குக் குளோரின் போட்டுவிட்டுப் போனார்கள். இன்று காலை முகம் கழுவ வாளியைத் தூக்கினேன். அந்த மணம் மூக்கில் ஏறியதும் நான் கிணற்றடியில் இல்லை. இடுப்பளவு நீலத் தண்ணீரில் நின்றேன். என் மணிக்கட்டை நீங்கள் நெரித்துப் பிடித்திருந்தீர்கள்.

நீங்கள் மௌத்தாகி, எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் தாண்டிவிட்டது. நினைக்காமல் தள்ளி வைக்கிற சங்கதிகள் நிறைய உண்டு. அந்தப் பயணத்தின் நினைவு அப்படியல்ல. அது வரும்போது எனக்கு முதுகு நிமிர்கிறது. அதனால்தான் இன்று உங்களோடு கொஞ்சம் கதைக்க உட்கார்ந்தேன்.

ரிஸ்வான் கட்டாரிலிருந்து லீவில் வந்திருந்த நாட்கள் அவை. அடுத்த மாதம் எங்கள் நிக்காஹ். அவர் நம் வீட்டு முன்னறையில், மாமாவும் இருக்கும்போதே, உங்களிடம் நேராகக் கேட்டார்.

"மாமி, கலியாணத்துக்கு முந்தி ஒருக்கா எல்லாரும் ஒரு பயணம் போய் வருவமா? நான் என்ன மாதிரி ஆள் எண்டு அவவும் பாக்கட்டும். போன்ல கதைச்சு ஒண்டும் விளங்குதில்ல."

உங்கள் காக்கா, என் மாமா, தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "கலியாணத்துக்கு முந்திப் பயணமா? ஊர் என்ன கதைக்கும்?"

நீங்கள் தையல் மெசினை நிறுத்தவில்லை. ஒரு அபாயாவின் கையோரம் அடித்துக்கொண்டிருந்தீர்கள். அடித்து முடித்து, நூலை அறுத்த பிறகுதான் தலையைத் தூக்கினீர்கள்.

"ஊட்டுக்குள்ள இருந்தாலும் ஊர் கதைக்கும் காக்கா. நானும் போறன். மகன், உங்கட தங்கச்சியையும் கூட்டிட்டு வாங்க."

அவ்வளவுதான். வேறு யாருடைய உம்மாவாக இருந்தாலும் அந்தக் கேள்விக்கு ஒரு மாதம் கூட்டம் நடந்திருக்கும்.

எங்கே போவது என்பதில்தான் சிக்கல் வந்தது. போட்டி போட்டுக்கொண்டு விளம்பரம் செய்கிற இரண்டு பூங்காக்கள். ஒன்று மலைநாட்டுப் பக்கம். குளிர், ராட்டினம், தலைகீழாகச் சுற்றும் ரயில். மற்றது கொழும்புக்குக் கிட்ட. தண்ணீர்ச் சறுக்குகளும் பெரிய குளம் ஒன்றும். ரிஸ்வானின் தங்கச்சி சஹ்னா ரயிலுக்காக மலைநாட்டைப் பிடித்துக்கொண்டாள். அவர் இரண்டு பூங்காக்களின் வீடியோக்களையும் போனில் மாறி மாறிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"கொழும்புதான் நல்லம் மாமி. அந்தக் குளத்தில அலை வரும். மெய்யான கடல் மாதிரியே..."

சொல்லி முடிக்கு முன்னமே அவர் முகம் செத்துப்போனது. அவர் சம்மாந்துறைக்காரர், வயற்பக்கம் வளர்ந்தவர். என் வாப்பா கடலோடு போனார் என்று அவருக்குத் தெரியும். ஆனால் தெரிவது வேறு, அந்த வீட்டுக்குள் இருந்து பேசும்போது நினைவில் இருப்பது வேறு. நீங்கள் எழும்பி, கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனீர்கள்.

கடல் ஊருக்குள் வந்த அன்று எனக்கு ஆறு வயது. உங்கள் ஒரு கையில் நான், மற்றக் கையில் வாப்பா. மூவரும் பிரதான வீதியை நோக்கி ஓடினோம். தண்ணீர் வந்து அடித்து, சுருட்டி, எங்களை ஒரு மதிலோடு ஒதுக்கியபோது உங்களிடம் நான் மட்டும் இருந்தேன். அடக்குவதற்கு வாப்பாவின் மையித்துகூடக் கிடைக்கவில்லை. அதன்பிறகு இந்த வீட்டுத்திட்டத்துக்கு வந்தோம். பிரதான வீதிக்குக் கிழக்கே, கடல் பக்கம், நீங்கள் ஒரு நாளும் கால் வைக்கவில்லை. அந்தப் பக்கம் கலியாணம் என்றால் பரிசை என் கையில் கொடுத்து அனுப்புவீர்கள். மரணம் என்றால் வீட்டிலிருந்தே யாசீன் ஓதுவீர்கள். ஏன் என்று யாரும் உங்களைக் கேட்டதில்லை. நீங்களும் சொன்னதில்லை.

அன்று மாலையே ரிஸ்வான் எனக்குப் போன் எடுத்தார். "எனக்கு மூளையே இல்ல. நாம மலைநாட்டுக்கே போவம்." நானும் சரி என்றேன். மறுநாள் உங்களிடம் சொன்னபோது நீங்கள் வாயில் பிடித்திருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசிமெத்தையில் குத்தினீர்கள்.

"அவர் அலை எண்டு ஆசப்பட்டாரே. ஏன் மாத்தின?"

நான் கீழே கிடந்த வெட்டுத்துணிகளைப் பொறுக்கத் தொடங்கினேன்.

"எனக்காகவா?"

"ஓம் உம்மா."

"போனை எடு. அந்தக் கொழும்புக்காரர்ர நம்பரைப் போடு."

மறுமுனையில் ஒரு பெண்பிள்ளை. சிங்களம் கலந்த தமிழில் மிக மரியாதையாகப் பேசினாள். முதலில் உடுப்பைப் பற்றிக் கேட்டீர்கள். உடம்பு முழுக்க மூடினாலும் பரவாயில்லை, ஆனால் நீச்சல் துணியாக இருக்க வேண்டும் என்றாள். அடுத்த கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை.

"அந்த அலை வருதே மகள், அதை நிப்பாட்ட ஏலுமா?"

"ஏலும் ஆன்ட்டி. ஒரு பட்டன் இரிக்கி."

"பட்டனுக்குப் பக்கத்தில ஆள் நிக்குமா? சும்மா வந்து போற ஆளா, எந்த நேரமும் நிக்கிற ஆளா?"

"எந்த நேரமும் நிக்கிற ஆள் ஆன்ட்டி."

நீங்கள் போனை என்னிடம் நீட்டினீர்கள். "அங்கதான் போறம்," என்றீர்கள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "மனிசன் சொன்னா நிக்கிற அலை எண்டு ஒண்டு இரிக்கிண்டா, நான் அதப் பாக்கணும்."

நான் பயந்தேன் உம்மா. உங்களுக்கு என்ன ஆகுமோ என்ற பயம் பாதி. மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் நீங்கள் கத்தி விழுந்தால் என்ன நினைப்பார்கள் என்ற பயம் மீதி. "அந்தப் புள்ளட உம்மாக்கு மனம் சரியில்லயாம்" என்று ஒரு சொல் சம்மாந்துறையில் கிளம்பினால் போதும். ஆனால் நீங்கள் கல்முனைக் கடைத்தெரு முழுக்க அலைந்து நீச்சல் துணி தேடிக்கொண்டிருந்தீர்கள். எனக்கும் சஹ்னாவுக்கும் உங்களுக்கும் மூன்று உடுப்புகள். கழுத்திலிருந்து கால்வரை கறுப்பு. உங்களுடையதற்கு மட்டும் கைகளில் சிவப்புக் கரை வைத்தீர்கள்.

"இது என்னத்துக்கு?"

"தண்ணிக்குள்ள துலைஞ்சா தேட லேசு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீங்கள்தான் சிரித்தீர்கள்.

கொழும்பில் ரிஸ்வானின் சாச்சி வீட்டில் தங்கி, காலையில் பூங்காவுக்குப் போனோம். இரண்டு பேர் சேர்ந்து மிதந்து வருகிற டயர் ஒன்று இருந்தது. அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "கலியாணத்துக்குப் பொறகு ஒண்டா சறுக்குங்க மகன். இப்ப தங்கச்சியோட போங்க," என்றீர்கள். சஹ்னா சிரித்துச் சிரித்தே மேலே ஏறினாள். நானும் நீங்களும் சின்னச் சறுக்கில் இறங்கினோம். கீழே வந்து விழுந்ததும் உங்கள் தலைமூடியைச் சரிசெய்துகொண்டு, "இதுக்கா இவ்வளவு சத்தம்," என்றீர்கள்.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னர் அலைக் குளத்துக்கு வந்தோம். கரை மாதிரியே சாய்வாகத் தரை இறங்கியது. தண்ணீர் அசையாமல் கிடந்தது. நீங்கள் "பிஸ்மில்லா" சொல்லி உள்ளே நடந்தீர்கள். கணுக்கால், முழங்கால், இடுப்பு. அங்கே நின்று என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். ஊதுகுழல் ஒன்று அலறியது. சனம் கூச்சலிட்டுக்கொண்டு தண்ணீருக்குள் ஓடி வந்தது. எதிர்ச் சுவருக்குப் பின்னால் மெசின் உறுமியது. தண்ணீர் எழும்பி வந்தது.

முதல் அலையில் கண்ணை மூடிக்கொண்டீர்கள். உதடுகள் கலிமாவைச் சொல்லிக்கொண்டிருந்தன. அடுத்ததில் உங்கள் நகம் என் தோலில் இறங்கியது. அதற்கடுத்தது உங்களை அடித்து விழுத்தியது. சிவப்புக் கரை தண்ணீருக்கடியில் ஒருமுறை மின்னி மறைந்தது. நான் இழுத்தேன். நீங்கள் இருமிக்கொண்டு எழும்பியபோது மெசின் சத்தம் நின்றிருந்தது. குளம் அடங்கிக்கொண்டிருந்தது. சுற்றி நின்ற சனம் என்னவென்று பார்த்தது.

நான் திரும்பிப் பார்த்தேன். சஹ்னாவோடு ஐஸ்கிரீம் வாங்கப் போனதாக நான் நினைத்திருந்த ரிஸ்வான், சுவரோரம் பட்டன்காரப் பொடியனுக்குப் பக்கத்தில் கையைத் தூக்கியபடி நின்றார். நாங்கள் இறங்குவதற்கு முன்னமே அங்கே போய், தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், சிவப்புக் கரை போட்ட அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தாராம். நான் என்ன மாதிரி ஆள் என்று அவவும் பார்க்கட்டும் என்று சொன்னவர் அல்லவா? அந்த இடத்தில் நான் பார்த்துவிட்டேன்.

நீங்கள் மூக்கால் வந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு, அசையாமல் கிடந்த குளத்தை வெகு நேரம் பார்த்தீர்கள்.

"யாரு நிப்பாட்டின?"

நான் கை காட்டினேன். நீங்கள் அவ்வளவு தூரத்துக்கும் கேட்கும்படி சொன்னீர்கள்:

"மகன், விழுந்தா நான் எழும்புவன். போடச் சொல்லுங்க."

ஊதுகுழல் மறுபடி அலறியது. இந்த முறை என் கையை விட்டீர்கள். வாய்க்கால் கடக்கிற ஆளைப் போல காலை அகட்டி, முழங்காலை மடித்து நின்றீர்கள். கண் திறந்திருந்தது. ஒவ்வொரு அலையும் உங்களைத் தூக்கி ஒரு சாண் பின்னால் வைத்தது. ஒவ்வொரு தடவையும் அந்தச் சாணை முன்னால் நடந்து வாங்கினீர்கள். பக்கத்தில் நின்ற ஒரு சிங்களப் பெண் உங்களைப் பார்த்துத் தானும் அப்படியே நிற்கப் பழகினாள். கடைசி அலையும் ஓய்ந்தது.

"முடிஞ்சிட்டா?"

"ஓம் உம்மா."

"அடுத்தது எப்ப?"

திரும்பி வரும்போது, வேனில் எனக்குப் பக்கத்தில் இருந்தீர்கள். சஹ்னா பின்னால் தூங்கிப்போனாள். ரிஸ்வான் முன்னால், டிரைவருக்குப் பக்கத்தில். நீங்கள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டுதான் பேசினீர்கள்.

"இடுப்பளவு தண்ணி. ஒரு பொடியன் பட்டன அமத்தினா வாற அலை. அதுக்கே என்ட கால் நிக்கல்ல." மடியிலிருந்த ஈர உடுப்பின் சிவப்புக் கரையை விரலில் சுற்றினீர்கள். "அண்டைக்கு உங்கட வாப்பாட கைய நான் விட்டுட்டன் எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சிட்டு இருந்தன். இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சிருந்தா, இன்னும் கொஞ்சம் நல்லா ஊண்டி நிண்டிருந்தா எண்டு. நான் விடல்ல மகள். அது பறிச்சது."

ரிஸ்வான் திரும்பிப் பார்க்கவில்லை. கையை நீட்டி ரேடியோவை நிறுத்தினார். அத்தனை வருடங்களாக நீங்கள் பிரதான வீதியோடு நின்றுகொண்டது கடலுக்குப் பயந்து என்றுதான் நான் எண்ணியிருந்தேன். உங்கள் கைக்குள் இருந்த அந்த வெறுமையைப் பற்றி எனக்கு அதுவரை தெரியாது.

நான் பயந்த சொல் சம்மாந்துறையில் கிளம்பவில்லை. வேறொன்று கிளம்பியது. சஹ்னா போன வீடெல்லாம், "எங்கட மாமி அலைக்குள்ள விழுந்து எழும்பி, திருப்பிப் போடச் சொன்னா" என்று கதை சொல்லித் திரிந்தாள். என் மாமியார் கலியாணப் பேச்சுக்கு வந்தபோது உங்களைக் கட்டிப்பிடித்தார். மாமாவுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. "இந்த வயசில தண்ணி விளையாட்டா?" என்றார். "ஓம் காக்கா, நல்லா இருந்த. நீங்களும் ஒருக்கா போங்க," என்றீர்கள். ஊர் கதைத்ததுதான். கதைத்த ஊரிலிருந்தே பெண்கள் ஒவ்வொருவராக வந்து அந்த உடுப்பைத் தைத்துத் தரச் சொன்னார்கள். அறுகம்பேக்குப் பயணம் போகிறவர்கள், வெளிநாட்டில் பிள்ளைகளோடு இருப்பவர்கள். இன்றைக்கும் கடற்கரையில் உங்கள் தையலை நான் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். அக்குளில் நீங்கள் வைக்கிற அந்தச் சதுரத் துண்டு வேறு யாருக்கும் வராது.

நிக்காஹ்வுக்கு முந்திய வெள்ளிக்கிழமை, அஸர் தொழுதுவிட்டு, "வா, வாப்பாக்கு சொல்லிட்டு வருவம்," என்றீர்கள். எங்கே என்று நான் கேட்கவில்லை. பிரதான வீதியைக் கடந்தோம். பழைய ஒழுங்கையால் நடந்தோம். மணலில் நின்று சலாம் சொன்னீர்கள். மகளுக்குக் கலியாணம் என்றும், மாப்பிள்ளை நல்ல மனிசன் என்றும், பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னீர்கள். வாய்க்கால் கடக்கிற ஆளைப் போலவே காலை அகட்டி ஊன்றியிருந்தீர்கள். நான் பார்த்தேன். பார்க்காதது போல நின்றேன்.

அந்த நல்ல மனிசன்தான் நீங்கள் போன அன்று உங்கள் ஜனாஸாவை முன்னால் நின்று தோளில் சுமந்தார். அடக்கம் செய்யும் மையவாடிவரை யாரையும் மாற்ற விடவில்லை.

இப்போது பேத்திக்கு நாலு வயது. போன கிழமை, மழை விட்ட ஒரு பின்னேரம், அவளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். வெள்ளம் கொண்டுவந்த தண்ணீரால் கடல் மண்நிறமாக இருந்தது, அலை கொஞ்சம் பெரிது. அவள் என் உடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமா ஏதோ சொல்லிக்கொடுத்திருக்கிறார் போல.

"உம்மா, உம்மும்மாக்கு கடல் பயமா?"

உங்களைப் பற்றி அவளிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"ஓம் மகள். சரியான பயம்."

"அப்ப ஏன் தண்ணிக்குள்ள இறங்கின?"

"பயம் போற வரைக்கும் காத்திட்டு இருக்க அவக்கு நேரமில்ல."

அவள் அலையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றினாள்.

நானும் கழற்றினேன், உம்மா.