மூன்று நாள் நான் மாடு கறக்கவில்லை

என் வசந்தா அக்காவுக்கு,

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. மனசுக்குள் உன்னிடம் பேசாத நாள் இல்லை. இன்று காகிதத்தில் எழுதுகிறேன். நாலு பேர் படித்தால் படிக்கட்டும். நம்மைப் போல மாடு கட்டிப் பிழைக்கிற பொம்பளைகள் படித்தால் இன்னும் நல்லது.

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். நான் பாட்டுத் திருவிழாவுக்குப் போனேன் அக்கா. ஓரிக்கைப் பக்கம் பாலாற்றங்கரை மாந்தோப்பில் மூன்று நாள் நடக்கிறதே, உன் பெண் நிவேதாவின் போனில் பார்த்துவிட்டு, போகணும் போகணும் என்று நீ புலம்பிக்கொண்டே இருந்தாயே, அதற்கேதான். மூன்று நாளும் இருந்தேன். இரண்டு ராத்திரி கூடாரத்தில் படுத்தேன். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து மாட்டை விட்டு ஒரு ராத்திரி வெளியே தங்காதவள் நான். நீயும் அப்படித்தான்.

திடீரென்று இவளுக்கு என்ன வந்தது என்று கேட்பாய். வந்தது கர்ப்பப்பையில் கட்டி. உத்திரமேரூர் டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்து ஆபரேஷன் செய்துகொள், மூன்று நாலு நாள் தங்க வேண்டியிருக்கும், தள்ளிப்போடாதே என்றார். நான் உடனே, மாட்டை யார் கறப்பது என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் அது உன் வார்த்தை என்று உறைத்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மாசக்கணக்கில் நீ சொன்ன அதே வார்த்தை.

உன்மேல் எனக்குக் கோபம் அக்கா, மறைக்காமல் சொல்கிறேன். முதலில் உன் செவலை மாடு கன்று போடட்டும் என்றாய். அப்புறம் சீம்பால் தீரட்டும் என்றாய். ஸ்கேனுக்குப் போகிற அன்றைக்குத் தலைவாரிப் புடவை மாற்றி பஸ் ஸ்டாப் வரை போனவள், கொட்டகையில் மாடு கத்துகிறது என்று திரும்பி வந்தாய். மாடு கத்தும். அது மாடு. உனக்குப் புத்தி எங்கே போயிற்று? ஆஸ்பத்திரிக்கு உன்னை நாங்கள் தூக்கிக்கொண்டு போனபோது, இன்னும் முன்னாடியே வந்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள்.

நீ போன பிறகு செவலை என் கொட்டகைக்கு வந்தது. உன் வீட்டுக்காரருக்கு ஒரகடத்தில் வாட்ச்மேன் வேலை, அவரால் மாடு பார்க்க முடியாது. என் வெள்ளச்சி சாது, யார் உட்கார்ந்தாலும் பால் இறக்கும். உன் செவலை அப்படியா? இரண்டு நாள் என்னை உதைத்து உருட்டியது. மூன்றாம் நாள், நீ புடவை மேல் போட்டுக்கொள்வாயே அந்தக் கட்டம்போட்ட பழைய சட்டை, அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மோந்து பார்த்துவிட்டு நின்றது. ஒரு மாசத்தில் என் வாசனையும் அதற்குப் பழகிவிட்டது. சட்டையை ஆணியில் மாட்டிவைத்தேன். துவைக்க மனசு வரவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் நிவேதா இரண்டு டிக்கெட்டோடு வந்தாள். எனக்குப் பிள்ளை இல்லாத குறையை உன் பெண்தானே தீர்க்கிறாள். வா சித்தி என்று கூப்பிட்டாள். நான் பழக்கதோஷத்தில் மறுபடியும் மாட்டை யார் கறப்பது என்றேன். அவள் கோபிக்கவில்லை.

"எங்கம்மாவும் இதேதான் சொல்லிக்கினு இருந்துச்சு சித்தி" என்றாள். அவ்வளவுதான்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்கு மூன்று நாள் வேண்டும். என்னை விட்டு மாடும் என் வீட்டுக்காரரான உன் கொழுந்தனும் மூன்று நாள் இருந்து பழகவேண்டும். அதற்கு ஒத்திகை இதுதான். முதல்முதலாக நான் வெளியே தங்குவது ஆஸ்பத்திரிக் கட்டிலாக ஏன் இருக்கவேண்டும்? சந்தோஷத்துக்காக இருக்கட்டுமே. ஆனால் பாதியில் எழுந்து ஓடிவந்தேன் என்றால் ஆஸ்பத்திரிக்கும் போகமாட்டேன், உன் வழியில்தான் போவேன் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அதனால் மூன்றாம் நாள் கடைசிப் பாட்டு வரை உட்காருவது என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன்.

வருஷம்கூடத் திரும்பாத வீட்டிலிருந்து பாட்டுக் கேட்கப் போகிறாள் பார் என்று தெருவில் பேசினார்கள். பேசட்டும். நீ இருந்தால் முதல் ஆளாக பஸ் ஏறியிருப்பாய்.

தோப்பு எப்படி இருந்தது என்று கேள். கையில் ஒரு காகிதப் பட்டை கட்டிவிட்டார்கள், கழற்றக் கூடாதாம். மரத்துக்கு மரம் கூடாரம். நம் ஊரில் கச்சேரி என்றால் பாய் போட்டு நிமிர்ந்து உட்காருவோம், இங்கே பாதிப் பேர் புல்லில் மல்லாந்து படுத்துக்கொண்டு கேட்கிறார்கள். எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது. அப்புறம் நானும் படுத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், படுத்துக்கொண்டு பாட்டுக் கேட்பது ரொம்ப சுகம்.

ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு பாடினாள், பக்கத்தில் ஒரு வயலின் மட்டும். நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் நாலு பிள்ளைகள் கிடாரை மாட்டிக்கொண்டு குதித்தார்கள், காது அடைத்துக்கொண்டது. என்ன பாடினார்கள் என்று ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் காலைப் பார்க்கிறேன், அது பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறது. கறக்கும்போது போனை எவர்சில்வர் சொம்பில் போட்டுச் சத்தத்தைப் பெருக்குவாயே, இங்கே அடித்த அடியில் நெஞ்செலும்பே அதிர்ந்தது. மூன்றரை மணி ஆனதும் என் விரல்கள் தாமாக அசைய ஆரம்பித்தன. நிவேதாவின் துப்பட்டா நுனியைப் பிடித்து இழுத்து இழுத்துக் கறந்துகொண்டிருக்கிறேன். அவள் பார்த்துவிட்டுச் சிரிக்கிறாள்.

இரண்டாம் நாள் மத்தியானம் உன் கொழுந்தனிடமிருந்து போன் வந்தது. குரலே சரியில்லை.

"இன்னாடி பண்ணச் சொல்ற? செவலை ஒதைக்குது. நேத்து சாயந்தரமும் எறக்கல, காலையிலயும் எறக்கல. மடி கல்லு மாதிரி கீது. நாலு மணி பஸ்ஸப் புடிச்சி வந்துடு."

இரண்டு வேளை பால் கட்டினால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. போனில் பாட்டுப் போட்டுப் பார்த்தாராம், வெல்லம் கொடுத்துப் பார்த்தாராம். கடைசியில், சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டே சொன்னார், காலையில் இருட்டோடு என் புடவையைச் சுற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தாராம். இன்னும் பலமாக உதைத்ததாம். எந்தப் புடவை என்று கேட்டேன். பீரோவில் இருந்த நீலப் புடவையாம்.

அந்தக் கவலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது அக்கா. மீசையும் நீலப் புடவையுமாக, அந்துருண்டை வாசனையோடு ஓர் ஆள் வந்து காலடியில் உட்கார்ந்தால் எந்த மாடுதான் நிற்கும்? ஆனால் தப்பு அவருடையது மட்டுமில்லை. மூன்று நாள் ஊருக்குப் போகிறோமே, அழுக்குத் துணி கிடக்கக் கூடாதே என்று, மாட்டு வேலைக்குப் போடும் நைட்டி முதற்கொண்டு அத்தனையும் சோப்புப் போட்டு அலசிக் காயவைத்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன். நான் இருந்த வாசனையே இல்லாமல் வீட்டைத் துடைத்துவிட்டு வந்திருக்கிறேன். பொம்பளை புத்தி, போகும்போதுகூட வேலையை முடித்துவிட்டுத்தான் போகும்.

துவைக்காமல் இருந்தது ஒன்றே ஒன்று.

"கொட்டாயில ஆணியில அக்கா சட்ட கீது பாரு. அதப் போட்டுக்கினு உக்காருய்யா" என்றேன்.

அவர் கொட்டகைப் பக்கம் நடக்கிற சத்தம் கேட்டது.

"அது அண்ணிதுடி. செத்தவங்க துணிய நான் எப்பிடிப் போடுவேன்?"

"அண்ணி எனக்கு அம்மா மாதிரின்னு ஊரெல்லாம் சொல்லுவ இல்ல? அம்மா சட்டைய மவன் போட்டுக்கினா இன்னா கொறஞ்சி பூடும்?"

நீ வந்துவிட்டால் இதெல்லாம் எதற்கு என்றார். நான் வரமாட்டேன் என்றேன். போனை வைத்துவிட்டார்.

வீறாப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, அடுத்த நிமிஷம் பையில் துணியைத் திணித்துக்கொண்டு வாசலுக்கு நடந்துவிட்டேன். உன்னிடம் பொய் சொல்வானேன். நிவேதா பின்னாலேயே வந்தாள். ரோட்டோரம் நின்றோம். மேடையில் யாரோ மத்தளம் அடிக்கிறார்கள். எனக்குக் கண்ணுக்குள் செவலையின் மடிதான் நிற்கிறது. அது உன் மாடு. உன்னையும் காப்பாற்றவில்லை, உன் மாட்டையும் நோக விட்டுவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

பஸ் வந்தது. கண்டக்டர் படியில் நின்றுகொண்டு ஏறுகிறாயா அம்மா என்று கேட்டார். அந்த நேரம்தான் எனக்குத் தெரிந்தது, நீ பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பிப்போன அன்றைக்கு உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று. புத்தி இல்லாமல் நீ திரும்பவில்லை. பாசம்தான் உன்னைத் திருப்பிவிட்டது. என்னையும் அதுதான் இப்போது பஸ்ஸில் ஏற்றப் பார்க்கிறது. அதற்கு நல்லது கெட்டது தெரியவில்லையே அக்கா, நாம் என்ன செய்வது?

"இல்லப்பா, நீ போ" என்றேன். பஸ் போய்விட்டது. நிவேதா என் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டாள். உள்ளே போகாமல் அங்கேயே மண்ணில் உட்கார்ந்திருந்தேன்.

ஐந்து மணிக்கு போன் அடித்தது.

"எறக்கிச்சுடி" என்றார். "மோந்து மோந்து பாத்துச்சு. அப்புறம் நின்னுக்கிச்சு. சொம்பு ரொம்பி வழிஞ்சிடுச்சு."

நான் ஓவென்று அழுதுவிட்டேன். டிக்கெட் பார்க்கிற பிள்ளைகள் பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தார்கள். மாடு பால் கறந்துவிட்டது என்று நிவேதா சொன்னாள். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் கைதட்டினார்கள்.

மூன்றாம் நாள் சாயந்தரம் கடைசிக் கச்சேரி. நீயும் நானும் எந்தக் கச்சேரியையாவது முழுசாகக் கேட்டிருக்கிறோமா? ஊர்த் திருவிழாவிலும் சரி, கல்யாண வீட்டிலும் சரி, பாட்டு சூடு பிடிக்கும்போது பால் நேரம் வந்துவிடும். அதனால் ஒரு கச்சேரி எப்படி முடியும் என்றே எனக்குத் தெரியாது. இப்போது பார்த்துவிட்டேன். சொல்கிறேன் கேள். கடைசிப் பாட்டை எல்லோரும் எழுந்து நின்று கேட்டார்கள். பாடினவர்கள் கைகோத்துக் குனிந்து கும்பிட்டார்கள். அப்புறம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். ஒருவர் பாட்டில் மூடியைத் தேடினார். விளக்கு ஒவ்வொன்றாக அணைந்தது, ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தார்கள். அதுவரைக்கும் நான் இருந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை, எதுவும் கெட்டுப்போகவில்லை.

வீட்டுக்கு வந்தபோது உன் கொழுந்தன் கொட்டகையில்தான் இருந்தார். உன் சட்டை அவருக்குத் தோளில் பிடிக்கிறது, பட்டன் போட முடியவில்லை. அதோடேயே சொசைட்டிக்கும் பால் ஊற்றப் போய்விட்டாராம். யாராவது கேலி பண்ணினார்களா என்று கேட்டேன். யாருதுன்னு கேட்டாங்க, எங்க அண்ணிதுன்னேன் என்றார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

மறுநாளே டாக்டரம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். வருகிற திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்கிறேன். வந்த பிறகும் ஒரு மாசத்துக்குமேல் குனியக் கூடாதாம், பாரம் தூக்கக் கூடாதாம். சரி என்றேன். மாட்டைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. பக்கத்தில் நின்ற உன் கொழுந்தன்தான், மாடு நான் பார்த்துக்கொள்கிறேன் என்று யாரும் கேட்காமலே சொன்னார்.

பயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் போவேன். செவலை கத்தினால் கத்தட்டும், பஸ் ஸ்டாப்பிலிருந்து நான் திரும்பமாட்டேன்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். எங்கே போனாலும் எனக்கு முன்னால் ஓடி பஸ் ஏறி, பக்கத்து சீட்டில் துண்டு போட்டு இடம் பிடித்துவைப்பாய். அங்கே அப்படிச் செய்யாதே அக்கா. துண்டை எடுத்துவிடு, வேறு யாராவது உட்காரட்டும். நான் இப்போதைக்கு வருவதாக இல்லை.

உன் தங்கச்சியாகிப்போன ஓரகத்தி,
பவானி