பாதிச் சேவல்

அன்புள்ள கூட்டாளிக்கு,

எழுத்து கோணிக்கொண்டு போகும், பொறுத்துக்கொள். 'ழ' போட்டால் வால் கீழ் வரிக்குள் இறங்கிவிடுகிறது. ஆனாலும் பார், உன்னோடு தேயிலைத் தொழிற்சாலையில் இருந்த காலமெல்லாம் கைநாட்டு வைத்தவன் உனக்கு மடல் எழுதுகிறேன்! மகள்தான் சொல்லிக்கொடுத்தாள். முதல் மடல் உனக்கே என்று வைத்திருந்தேன். தோட்டத்துக்கு வந்திருக்கும் புதுத் துரையைப் பற்றிக் கதையளக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் நேற்று நடந்ததைத்தான் முதலில் சொல்ல வேண்டும். சட்டையில் பாச்சை உருண்டை வாடை இன்னும் போகவில்லை. உன் துணியின் வாடை.

நம் தோட்டத்துச் சிற்றாலயத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறதே, அந்தத் துணிதான். கோயில்பிள்ளையாக இருந்த நீ, பெரிய வெள்ளிதோறும் இறந்த ஆண்டவரின் சுரூபத்தின் மேல் அதைப் போர்த்துவாய். அதில் மங்கிய சிவப்பில் ஒரு கண், மேலே முள்முடி போல ஒன்று. இயேசு சாமியை அடக்கம் செய்த துணியில் ஒரு துண்டு என்று தோட்டமே பேசியது. நீ ஆம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. தொட வருகிறவர்களிடம், "மெதுவா தொடுங்க, கசங்கிடும்" என்பாய். அவ்வளவுதான். மாரியம்மனைக் கும்பிடும் நானும், காய்ச்சலில் கிடந்த மகளைத் தூக்கிக்கொண்டு உன்னிடம் ஓடிவந்தேன். அதை அவள் நெற்றியில் வைத்தாய். அவள் கண் திறந்தாள். நீ ஏன் அப்படி அழுதாய் என்று அன்றைக்குப் புரியவில்லை.

நேற்று தானா ராத்தா பட்டணத்திலிருந்து புது ஃபாதர் வந்து, என்னையும் மகளையும் சிற்றாலயத்துக்குக் கூப்பிட்டார்.

"கோலாலம்பூர்லேர்ந்தெல்லாம் கும்பிட வர்றாங்க ஐயா. உண்மையான துணியான்னு தெரியாம வச்சிருக்க முடியாது. கோயில்பிள்ளையோட கூட்டாளி நீங்க ஒருத்தர்தான் மிச்சம்."

மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எடுக்கச் சொல்லிடாதீங்கப்பா."

"நான் என்னம்மா ஜட்ஜா லா?"

ஃபாதர் பெட்டியைத் திறந்து, உள்ளே மடிந்திருந்த ஓரத்தை விரித்தார். அலகு வெளியே வந்தது. துணியைத் திருப்பிப் பிடித்தார். முள்முடி கொண்டையாகிவிட்டது. சேவல்! கோதுமை மாவுச் சாக்கில் அடித்திருப்பார்களே, அந்தச் சிவப்புச் சேவல். கழுத்தோடு கிழிந்திருந்தது.

"கோழி மார்க் மாவா!" ஃபாதர் சிரித்தேவிட்டார்.

அந்தச் சேவலின் வாலை நான் பார்த்திருக்கிறேன், கூட்டாளி.

உன் தலைப்பிள்ளை, ஆண் குழந்தை. ஞானஸ்நானம் கொடுப்பதற்குள் போய்விட்டது. அதனால் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்றார் அப்போதிருந்த சாமியார். தேயிலைச் சரிவோரம், மழையில் நாம் இரண்டு பேரும்தான் குழி வெட்டினோம். வெளுத்த மாவுச் சாக்குதான் அப்போது நம் பிள்ளைகளுக்குச் சட்டை. அதையே கிழித்துச் சுற்றினாய். சின்னப் பாதங்களின் மேல் சிவப்பு வால் இறகுகள். மீதிப் பாதி இத்தனை வருஷமும் கண்ணெதிரே இருந்திருக்கிறது. கல்லறைத் தோட்டத்துக்குள் விடாத பிள்ளையை நீ ஆண்டவரின் மேலேயே படுக்க வைத்திருக்கிறாய்.

அத்தனையும் சொன்னேன். ஃபாதரின் சிரிப்பு நின்றது.

"அப்ப ஆண்டவரோடது இல்ல."

"இல்லைங்க ஃபாதர். பிள்ளையோடது."

மகள் துணியை வாங்கித் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். "மெதுவாம்மா, கசங்கிடும்" என்று என் வாயிலிருந்து வந்தது.

பெட்டியில் இனி அதற்கு இடமில்லை. வரும் ஞாயிறு, ஃபாதரே ஜெபம் சொல்லி, கல்லறைத் தோட்டத்தில் உன் குழிமேட்டில், உன் நெஞ்சுக்கு நேராக அதை அடக்கம் செய்கிறார். உன் சிலுவையில் உன் பெயருக்குக் கீழே இன்னொரு வரி எழுதும் வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். பெயர் வைக்காத பிள்ளைக்கு என்ன எழுதுவது? 'மகனும்' என்று எழுதிப் பழகுகிறேன். நான்கே எழுத்து. முதல் எழுத்தே கோணுகிறது. நேராக வந்ததா என்று அடுத்த வாரம் எழுதுகிறேன்.