மூன்று பேர் போன கார்

செவ்வாய்க்கிழமை, மணமேல்குடி விடுதி

கெட்ட முடிவை நோயாளியிடம் எப்படிச் சொல்வது முறை என்று ஆராய்கிற எங்கள் குழுவில் ஒரு டாக்டர், ஒரு வக்கீல், தத்துவம் கற்பிக்கும் நான். மார்பில் இருந்த கட்டிக்குப் பரிசோதனை செய்துகொண்ட செல்வியைப் பார்க்க இன்று மூவரும் கோட்டைப்பட்டினம் போனோம். முடிவு நல்லதில்லை.

டாக்டர் வாயைத் திறக்கும் முன்பே செல்வி தடுத்துவிட்டாள். “இப்பச் சொல்லாதீங்க. எங்க வீட்டுக்காரவுக கடல்ல இருக்காக. நாளைக்குக் காலையில வந்துருவாக. அதுவரைக்கும் கெட்ட சேதி எதுவும் நான் காதுல வாங்க மாட்டேன்.”

வாசலுக்கு வந்து வாதாடினோம். தெரிந்துகொள்வது அவள் உரிமை என்றார் வக்கீல். சிகிச்சையைத் தள்ளிப்போட முடியாது என்றார் டாக்டர். வேண்டாம் என்று சொல்வதும் உரிமைதான் என்றேன் நான். கடைசியில் என் பேச்சுதான் எடுபட்டது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

உள்ளே போய், “சரிங்க, அவர் வந்த பிறகே சொல்றோம்” என்றேன்.

செல்வி என்னையே பார்த்தாள். “நல்ல சேதின்னா நர்ஸம்மா போன்லயே சொல்லியிருப்பாக. மூணு பேரு கார் வச்சுல்ல வந்திருக்கீங்க.” பிறகு காரைப் பார்த்து வெளியே கூடியிருந்த அக்கம்பக்கத்துப் பெண்களைக் காட்டினாள். “எனக்குத் தெரிஞ்சது போகட்டும். எங்க வீட்டுக்காரவுக கரையில கால் வைக்கயிலேயே யாராச்சும் சொல்லிருவாகளே.”

நாளைக்கு டாக்டர் மட்டும் பஸ்ஸில் போகட்டும் என்கிறார் வக்கீல். இனி எதில் போனால் என்ன.