மூன்று ஞாயிறுகளில் ஏற்றிய குரல்

இன்றைக்கு மத்தியானம் உன் சின்ன லேப்டாப்பைத் திறந்தேன். கட்டளை அடிக்கிற கறுப்புத் திரையில் என்ன அடிப்பது என்று யோசிக்கவும் அலுப்பாக இருந்தது. மேல் அம்புக்குறியை அழுத்தினேன். கடைசியாக யாரோ அடித்த வரி அப்படியே வந்து நிற்கும், உனக்குத் தெரியாததா? வந்து நின்றது நீ அடித்தது.

"சுகன்யா, ஜன்னலைத் திற."

ஒன்றரை வருஷமாக அந்த வரி அதற்குள்ளேயே இருந்திருக்கிறது. நான் எண்டரைத் தட்டவில்லை. எதிரில் அதைக் கொண்டுவந்த உன் மகள் சுகன்யா நின்றுகொண்டிருந்தாள்.

"பெரிம்மா, காலேஜ்ல ஒரு சாஃப்ட்வேர் போட்டுக்கிட்டு வரச் சொல்லிட்டாங்க. கணக்குப் பாடத்துக்கு. இதுல ஏறுமாங்க?"

"ஏறும் கண்ணு. உக்காரு."

ஏறும் என்று சொல்லிவிட்டேனே தவிர, எனக்கு உடம்பு முடியவில்லை. காலையிலிருந்து இரண்டு கிரயப் பத்திரம், ஒரு பாகப்பிரிவினை அடித்திருந்தேன். கண் எரிந்தது. இப்போதெல்லாம் மூன்று மணிக்கே முதுகு கெஞ்சுகிறது. நீ இருந்தபோது பாதியை நீ வாங்கிக்கொள்வாய். பதினோரு வருஷம் அரூரில் இதே பத்திரக் கடையில், இதே பெஞ்சில், தோளோடு தோள் உரச உட்கார்ந்து அடித்தோம்.

அந்த லேப்டாப்பும் இந்தக் கடையிலிருந்து வந்ததுதான். ஆமை வேகம் என்று ஓரம் கட்டியதை முதலாளியிடம் கேட்டு வாங்கி, லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளம் போட்டு வைத்திருந்தேன். என்ன செய்வதற்கு என்று அப்போது எனக்கே தெரியாது. பிறகு சேலத்தில் உன் தொண்டையில் ஆபரேஷன் ஆயிற்று. கழுத்தில் ஓட்டையோடு, குரல் இல்லாமல் பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில் உன் வீட்டுக்குத் திரும்பி வந்தாய். பார்க்க வந்த என்னிடம் நோட்டில் எழுதிக் காட்டினாய்: "அத்தைக்குப் படிக்கத் தெரியாது அக்கா. ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கக்கூட யாராவது வாசித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது."

உன் மாமியார் பகல் முழுக்க உன்னோடு தனியாக இருப்பவர். நீ சைகை காட்டக் காட்ட அவருக்கு அழுகை வந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு வந்துதான் தேடினேன். தமிழை வாசிக்கிற மென்பொருள் ஒன்று லினக்ஸுக்கு இருந்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. உன் வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. குச்சிக்கிழங்குக் காட்டு வரப்பில் ஸ்டூல் போட்டு, என் போனிலிருந்து நெட் கொடுத்து உட்கார்ந்தோம். எதைக் கேட்டாலும் 'கிடைக்கவில்லை' என்றே பதில் வந்தது. நான் போட்டிருந்த லினக்ஸ் பழசு. அது மென்பொருளுக்காகப் போய்க் கேட்கிற இணைய முகவரியையே மூடிவிட்டார்களாம். அதைக் கண்டுபிடிக்கவே சாயங்காலம் ஆகிவிட்டது. பஸ்ஸில் திரும்பும்போது, இது நமக்கு ஆகிற வேலையா என்று நினைத்தேன். துவைக்காத துணி வீட்டில் கிடந்தது.

இரண்டாம் ஞாயிறு முகவரியை மாற்றினேன். தமிழ் விசைப்பலகை ஏறியது. அதுவும் நம் கடையில் அடிக்கிற அதே பழைய டைப்ரைட்டர் முறை. நீ மெஷினை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாய். ஆஸ்பத்திரியில் ஊசி குத்திக் குத்திக் கறுத்துப் போயிருந்த கை, எழுத்தைப் பார்க்காமலே ஓடியது.

மூன்றாம் ஞாயிறுதான் குரல் வந்தது. ஒன்று ஏற இன்னொன்று வேண்டும் என்றது, அதற்கு வேறொன்று. நடுவில் இரண்டு தடவை நெட் அறுந்தது. எல்லாம் ஏறி முடிந்ததும், 'பேசு' என்று அடித்து, பக்கத்தில் நீ சொல்ல வேண்டியதை அடித்தால் அது பேசும்படி செய்து கொடுத்தேன். நீ முதலில் அடித்தது உன் பெயரை. பெட்டிக்குள்ளிருந்து ஓர் ஆண் அதைச் சொன்னான். கட்டைக் குரல், மூக்கடைத்த மாதிரி.

நீ சிரித்தாய். சத்தமே இல்லாமல் தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தாய். கழுத்து ஓட்டையைத் துணியால் ஒற்றிக்கொண்டு மறுபடி அடித்தாய். "பக்கத்து வூட்டு மாமா பேசற மாதிரி இருக்குதுக்கா" என்று அந்த ஆளே சொன்னான்.

அதற்கப்புறம் உன்னைக் கையில் பிடிக்க முடியவில்லை. பத்திர பாஷையில் வீட்டு வேலை வாங்கினாய். "மேற்படி குழம்பில் உப்பு இல்லை" என்று அந்தக் குரல் சொல்ல, உன் மாமியார் அடுப்படியிலிருந்து, "போட்டுத்தான் இருக்குது, நல்லா கலக்கித் தின்னு!" என்று கத்துவார். மாசக்கணக்கில் அழுதுகொண்டிருந்தவர் உன்னோடு மறுபடி சண்டை போட ஆரம்பித்தார். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஆனால் நீ அதைக் குழம்புக்காக மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை. சுகன்யா பிளஸ் டூ முடித்த மாதம், உன் கணவரின் அண்ணன் ஒரு வரனோடு வந்தார். அவர் மனைவியின் தம்பி, ஓசூர்ப் பக்கம் வேலை. பூ வைக்கிற நாள் வரை குறித்தாயிற்று. அதற்கு முந்தின நாள், 'நாளைக்கு வாங்க அக்கா, ஸ்பீக்கர் கொண்டு வாங்க' என்று போனில் எழுதி அனுப்பியிருந்தாய். வேறு ஒரு வார்த்தையும் இல்லை.

வந்தேன். முன்னறையில் பத்துப் பன்னிரண்டு பேர். நடுவில் தாம்பாளத்தில் பூவும் பழமும். ஸ்பீக்கரை நான் மாட்டி முடிக்கும்வரை நீ காத்திருந்தாய். முன்பே அடித்து வைத்திருந்ததைத் தட்டினாய்.

"சுகன்யா படிக்கட்டும். இப்போது கல்யாணம் வேண்டாம். இது அவள் அம்மாவின் முடிவு."

ஒருத்தர் சிரித்துவிட்டார். "ரயில்வே ஸ்டேசன்ல சொல்ற மாதிரியே இருக்குதுப்பா."

உன் கணவரின் அண்ணன் சிரிக்கவில்லை. உன்னைப் பார்க்காமல் தம்பியைப் பார்த்துச் சொன்னார். "அது நெலம தெரிஞ்சுதானடா அவசரப்படறோம். அது கண்ணு தெறந்திருக்கறப்பவே முடிச்சர்லாம். மிஷினு சொல்றதயெல்லாம் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்க முடியுமா?"

நீ மேல் அம்புக்குறியை அழுத்தினாய், எண்டர். மறுபடியும் அதே மூன்று வரி. அவர் பேச வாய் திறந்தார். அம்புக்குறி, எண்டர். அந்த ஆண்குரலுக்குக் கோபம் தெரியாது, கெஞ்சத் தெரியாது. முதல் தடவை எப்படிச் சொன்னதோ அப்படியே சொன்னது. எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. சிரித்தவர் தலையைக் குனிந்துகொண்டார்.

கடைசியில் அடுப்படி வாசலில் நின்றிருந்த உன் மாமியார்தான் வாய் திறந்தார். "மிஷினு எங்கடா சொல்லுது? அவ சொல்றா. எனக்கே கேக்குது, உனக்குக் கேக்கலியா?"

உன் கணவர் அதுவரை தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து தாம்பாளத்தை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தார். "அவ சொன்னதுதான்ணா. மன்னிச்சுக்கோங்க."

அவர்கள் போன பிறகு நீ படுத்துக்கொண்டாய். அன்றைக்கு முழுக்க எழவில்லை.

இனிமேல் சொல்ல வேண்டியதுதான் எனக்குக் கஷ்டம். சுகன்யா காலேஜில் சேர்ந்த பிறகு நீ ஒன்றே ஒன்று கேட்டாய். 'பொம்பளைக் குரலாக மாற்ற முடியுமா அக்கா? புள்ளையிடம் பேசும்போது ஒரு மாதிரி இருக்கிறது.' அடுத்த ஞாயிறு வருகிறேன் என்றேன். அன்றைக்குக் காய்ச்சல் மாதிரி உடம்பு வலி. அதற்கடுத்த ஞாயிறு உறவில் ஒரு காதுகுத்து. அப்புறம் ஒரு ஞாயிறு, உண்மையைச் சொல்கிறேன், ஒன்றுமே இல்லை. அலுப்பு. வரப்பில் ஸ்டூல் போட்டு நெட்டுக்காகக் காத்திருக்க வேண்டுமே என்று மலைத்துப் படுத்துவிட்டேன். நாலாம் ஞாயிறு நீ தர்மபுரி ஆஸ்பத்திரியில் இருந்தாய். லேப்டாப் வீட்டில் இருந்தது. நீ அங்கிருந்து திரும்பி வரவில்லை.

புதிதாக எதையும் ஏற்ற வேண்டியதில்லை, கட்டளையின் கடைசியில் இரண்டு எழுத்தைச் சேர்த்தாலே போதும், பெண்குரல் வந்துவிடும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நீ மாற்றக் கேட்டபோது தேடிப் பார்க்கக்கூட இல்லை நான்.

இன்றைக்குச் சுகன்யாவின் மென்பொருளுக்கு இடம் போதவில்லை. வேண்டாததை எடுக்க வேண்டியிருந்தது. விளையாட்டுகளை எடுத்தேன், பழைய படங்களை எடுத்தேன். பேசுகிற மென்பொருள் பிடிக்கிற இடம் கொஞ்சம்தான், இருந்தும் கேட்டேன். "அம்மாது இருக்கட்டுமா கண்ணு?"

"இருக்கட்டும்ங்க பெரிம்மா." திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அம்மாவ நெனச்சா அந்த ஆம்பளக் குரல்தான் பெரிம்மா வருது. முன்னாடி எப்படிப் பேசுவாங்கன்னு எவ்ளோ யோசிச்சாலும் வர மாட்டேங்குது. பழைய போன்லயும் தேடிட்டேன். ஒரு கல்யாண வீடியோல பேசறாங்க, மேளச் சத்தந்தான் கேக்குது. எப்படிங்க இருக்கும் அம்மா குரல்?"

மெலிசு என்றேன். வார்த்தை முடிகிற இடத்தில் கொஞ்சம் இழுப்பாள் என்றேன். சொல்லச் சொல்ல அது வேறு யாருடைய குரலாகவோ ஆகிக்கொண்டிருந்தது. அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். மென்பொருள் ஏறி முடிந்தது. திறந்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்து, "வந்துடுச்சுங்க" என்று சிரித்து, லேப்டாப்பைப் பைக்குள் வைத்துக்கொண்டு அஞ்சு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

நான் பாகப்பிரிவினைப் பத்திரத்தைச் சரிபார்க்க எடுத்தேன். தவறு பார்க்க நீ சத்தமாக வாசிப்பாய், நான் என் தாளில் விரல் வைத்து வருவேன். இப்போது வாசிக்க ஆளில்லை, நானே மனசுக்குள் வாசிக்கிறேன். ஆனால் கேட்பது உன் குரல். கிழக்கே இன்னாருடைய நிலம், மேற்கே வண்டிப்பாதை, தெற்கே ஓடை என்று, ஒவ்வொரு திசைக்கும் ஒரு மூச்சு விட்டு, "அக்கா, கவனிக்கறீங்களா?" என்று நடுவில் அதட்டிக்கொண்டு, கொஞ்சமும் மாறாமல் வாசிக்கிறாய். உன் மகள் தேடுவது என் காதில் இருக்கிறது. அதை அவளுக்கு எடுத்துக் கொடுக்க எனக்குத்தான் தெரியவில்லை.