மாட்டுத் தொழுவில் வைத்த கோழிச்சாறு

ஐப்பசி 4. ஆழ்வார்குறிச்சி.
விடியலிலிருந்து தூறல். வைக்கோல் நனைந்துவிட்டது. வீட்டுக்காரி கோமதிக்கு ஜுரம் விட்டும் எழுந்து உட்கார முடியவில்லை. கஞ்சி இறங்கவில்லை. கையைப் பிடித்தால் வளையல்தான் தட்டுப்படுகிறது.

அம்பாசமுத்திரத்து டாக்டர் வந்து பார்த்தார். "கோழிச்சாறு கொடும், காய்கறியும் போட்டு. இல்லாவிட்டால் ரொம்ப நாள் தாங்காது." சைவ வீடு என்றேன். "தெரியும்" என்று குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவள் இல்லாமல் இந்த வீட்டில் நான் எப்படி. அதற்குமேல் எழுத முடியவில்லை.

ஐப்பசி 5.
துணி வியாபாரி ராவுத்தரிடம் மட்டும் சொன்னேன்.

"எங்க வீட்டுல வச்சு அனுப்புதேன், அண்ணாச்சி. நீரு ஏன் கிடந்து அல்லாடுதீரு?"

"அடுத்த வீட்டுச் சமையல் அவளுக்கு ஆகாதுவே."

"கோழி ஆகும், எங்க அடுப்பு ஆகாதோ?"

நான் சொன்னது சொன்னதுதான். அறுத்துச் சுத்தம் செய்து இலையில் கட்டித் தருவார். பக்குவமும் அவர் சொன்னதே:

புதுச் சட்டி. கறி மூழ்கத் தண்ணீர், மஞ்சள். இஞ்சி, பூண்டு நசுக்கி. நுரையை அள்ளிப் போட வேண்டும். பாதி வெந்ததும் முருங்கைக்காய், பீர்க்கங்காய், சின்ன வெங்காயம். சிறு தீ. மிளகு சீரகம் கடைசியில்.

ஐப்பசி 6.
தொழுவில் மூன்று கல் வைத்து அடுப்பு. முகத்தைத் திருப்பிக்கொண்டு கிளறினேன். சுவருக்கு அந்தப்புறம் தம்பி வீடு. வாசனை போய்விடுமோ என்று சாம்பிராணி போட்டபடியே இருந்தேன். அவனுக்குத் தெரிந்தால் ஊர் முழுக்கச் சொல்வான். மகள் வளைகாப்புக்கு நம் ஆட்கள் ஒருவரும் கை நனைக்க மாட்டார்கள்.

துணியில் வடிகட்டி, மேலே மிதந்த எண்ணெயை எடுத்துவிட்டுக் கொடுத்தேன். ஒரு கிண்ணம் முழுக்கக் குடித்தாள்.

"என்ன சாறு இது?"

"முருங்கைக்காய்."

"யாரு வச்சா?"

"நான்தான்."

சிரித்தாள். தெரிந்தால் அத்தனையும் வாந்தி எடுப்பாள். பிறகு வாயே திறக்க மாட்டாள்.

ஐப்பசி 9.
மழை. தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தாள். தம்பி பெண்டாட்டி வள்ளி பார்க்க வந்தாள். கோமதி சும்மா இருந்திருக்கலாம்.

"இவுக வச்ச சாறுதாம்ளா என்னை உக்கார வச்சிருக்கு. உங்களுக்கும் ஒரு சட்டி தரச் சொல்லுதேன்."

"அத்தானா? அடுப்புப் பக்கமா? அவுக தம்பிகிட்டச் சொன்னா நம்பமாட்டாக."

தீர்ந்துவிட்டது என்றேன். வள்ளி போனதும் கோமதி: "கிணத்தடி வயலை இன்னும் நெஞ்சுல வச்சிருக்கீக. ஒரு கரண்டி சாறு குடுக்க மனசில்ல."

வைத்திருக்கிறேன்தான். பாகப் பிரிவினையில் என்னை ஏமாற்றி எடுத்த வயல். சாகும்வரை மறக்க மாட்டேன். ஆனால் இது அதற்காக இல்லை. எப்படிச் சொல்ல?

சாயங்காலம் கிண்ணத்தைத் தள்ளிவிட்டாள். "அவுகளுக்குக் குடுத்தாத்தான் குடிப்பேன்."

ஐப்பசி 10.
காலையிலும் குடிக்கவில்லை. உள்ளங்கால் சில்லென்று இருக்கிறது. தேய்த்துவிட்டேன். சூடு வரவில்லை.

கோழிச்சாற்றையே தம்பிக்குக் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. குடிக்கட்டுமே. அப்புறம் வேண்டாம் என்று விட்டேன். ஏமாற்றுவது அவன் வேலை.

இரண்டு சட்டி வைத்தேன். ஒன்றில் காய்கறி மட்டும். இரண்டிலும் அதே மஞ்சள், மிளகு. வடிகட்டி, எலும்பைப் புதைத்து, தட்டுப் போட்டு மூடினேன். அதற்குள் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு மழையில் ஓடியது. பிடித்துக் கட்டிவிட்டு வந்தால் எது எந்தச் சட்டி என்று தெரியவில்லை. ஒரே நிறம். முகர்ந்து பார்த்தேன். இத்தனை நாள் சாம்பிராணிப் புகையில் மூக்குச் செத்துவிட்டது. மறுபடி வைக்கக் கோழி இல்லை.

உள்ளேயிருந்து கோமதி, "கொண்டு போயாச்சா?"

மாறிப்போனால் அவன் வாயில் கோழி. இவளுக்கு வெறும் தண்ணீர்.

கரண்டியால் அள்ளி வாயில் விட்டேன். முதல் சட்டி, பிறந்ததிலிருந்து சாப்பிடுகிற பீர்க்கங்காய். இரண்டாவது நன்றாக இருந்தது.

இரண்டாவதை அவள் பக்கத்தில் வைத்துவிட்டேன். முதல் சட்டியைத் தூக்கிக்கொண்டு தம்பி வாசலுக்குப் போக வேண்டும்.