மேலாளர் பட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கோரி

அனுப்புநர்
உற்பத்தி மேலாளர்,
பாட்டில் மூடித் தொழிற்சாலை.
(குடியிருப்பு: மாடி வீடு, தண்ணீர்த் தொட்டிக்கு நேர் கீழே. அடுத்த மாதம் எங்கே என்பது தங்கள் கையில்.)

பெறுநர்
உயர்திரு தொழிலாளர் நல அலுவலர் அவர்கள்,
தொழிலாளர் நல அலுவலகம், இரண்டாம் தளம்.

பொருள்: உற்பத்தி மேலாளர் பதவியிலிருந்து பழைய மெஷின் ஆபரேட்டர் வேலைக்கே என்னை இறக்கிவிட ஆவன செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே கோரிக்கையோடு நேரில் வந்தபோது தங்கள் எழுத்தர் சிரித்த சிரிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். யாரும் நம்பாத ஒரு கதையை இம்மனுவில் சத்தியம் செய்து சொல்லப்போகிறேன். தாங்களும் நம்பமாட்டீர்கள். நான் "மழை பெய்யுது" என்றால் என் வீட்டாரே ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடியில் கிடக்கும் துணியை எடுப்பார்கள். ஆகவே வருத்தமில்லை.

1. நான் தலை நரைக்கும்வரை மெஷின் ஆபரேட்டராக இருந்தவன். நான் வார்த்த மூடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நிலாவுக்கு ஏறிப்போய், அங்கே ஒரு தேநீர் குடித்துவிட்டு, வேறொரு அடுக்கின் வழியாக இறங்கிவரலாம். சென்ற ஆண்டு எங்கள் மேலாளர் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டு ஓடினார். முதலாளி என்னை அழைத்து, "இனிமே நீதான்யா மேனேஜர்" என்று திருவாய் மலர்ந்தார். அந்த மனிதர் ஏன் ஓடினார் என்று கேட்கும் புத்தி அன்றைக்கு எனக்கு இல்லை.

2. கண்ணாடி அறை கொடுத்தார்கள். கழுத்தில் தொங்க ஓர் அட்டை கொடுத்தார்கள். சம்பளத்தில் ஒரு சிட்டிகை கூட்டிப் போட்டார்கள். ஆனால் மேலாளருக்கு ஓவர்டைம் கிடையாதாம். மாதக் கடைசியில் பார்த்தால், எனக்கு "வணக்கம் சார்" சொல்லும் ஆபரேட்டர் என்னைவிடக் கூடுதலாக வாங்கிப்போகிறார். மெஷின் நின்றுபோனால் அவர் வீட்டுக்குப் போகலாம். நான் அதன் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு, பிரசவ அறைக்கு வெளியே நிற்கும் புருஷன் மாதிரி காத்திருக்க வேண்டும்.

3. இதோடு நின்றிருந்தால் இம்மனுவே இல்லை. என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, வாயை மூடினால் தாடை வலிக்கும் ரகம். அவன் படி இறங்குகிற வழியில் வீட்டு உரிமையாளரிடம், "எங்க மாமா இப்ப மேனேஜரு, தெரியும்ல?" என்று அளந்துவிட்டான். மறுநாளே, முழங்கால் வலியால் மாடிப் பக்கமே வராத அந்த மனிதர், மான்குட்டி போல் படியேறி வந்தார். "மேனேஜர் சார் குடியிருக்கற வீட்டுக்கு இவ்ளோ கொறஞ்ச வாடகைன்னா, எனக்கே கேவலமா இருக்கு சார்" என்றார். அவருடைய கேவலத்தைப் போக்க வாடகையை உயர்த்திக் கொடுத்தேன். அதன்பிறகு இவ்வூரில் எனக்கென்றே தனி விலைவாசி பிறந்தது. பால்காரர் மேலாளர் விலைக்குப் பால் ஊற்றினார். முடிதிருத்துபவர், தலையில் முடி குறையக் குறையக் கூலியை ஏற்றினார். இம்மாதம் உரிமையாளருக்கு மறுபடியும் கேவலம் வந்துவிட்டது. புது வாடகையா, காலி செய்வதா என்று மாதக் கடைசிக்குள் சொல்லவேண்டும். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூடமுடியாது என்பதற்கு, மூடி செய்வதையே பிழைப்பாகக் கொண்ட நானே சாட்சி.

4. உண்மைச் சம்பளத்தைச் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். என் மனைவியும் கேட்டாள். "சம்பளம் இவ்ளோதான்னு சொன்னா உங்க கிரீடம் எறங்கிடுமா?" என்றாள். இறங்கிவிடும், ஐயா. அந்தக் கிரீடத்துக்கு அடியில் வேறொன்றும் இல்லை என்பது எனக்கு மட்டுமே தெரியும் என்று நினைத்திருந்தேன். அது எவ்வளவு தப்பு என்பது அடுத்த இரண்டு பத்திகளில்.

5. மேலாளர் விலையிலிருந்து தப்ப, ஊரின் மறுகோடியிலுள்ள சந்தைக்கு, கடை கட்டும் நேரமாகப் பார்த்து, ஹெல்மெட்டோடு போகத் தொடங்கினேன். வண்டி ஓட்டும்போது ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம். காய்கறி பொறுக்கும்போது கட்டாயமில்லை என்பது மட்டுமே அதிலுள்ள குறை. சென்ற வாரம் அங்கே ஒரு புதுக் கடை. தரையில் சாக்கு விரித்து, ஓர் அம்மாள் தக்காளியைக் குவித்து வைத்திருந்தார். ஹெல்மெட்டின் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் தைரியத்தில் பேரம் பேசினேன். பேரமா அது, போர். நசுங்கியதைக் கழித்தேன், காம்பைக் கழித்தேன், விட்டால் விதையையும் கழித்திருப்பேன். பாதி விலைக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். அவர் மறுபேச்சின்றி நிறுத்துப் போட்டார். மேலே கொசுறாக ஒரு கைப்பிடி பச்சை மிளகாயை அள்ளிப் போட்டார். பிறகு பக்கத்துக் கடைக்குக் கேட்காதபடி சொன்னார்: "சார், அத கழட்டிட்டு மூச்சு விடுங்க. கண்ணாடி பூரா ஆவியா இருக்கு."

மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி வளர்ந்த குரல் என்னுடையது. ஹெல்மெட்டுக்குள் எப்படி ஒளியும்? அவர் எங்கள் மூன்றாம் மெஷின் ஆபரேட்டரின் மனைவி. சம்பள நாளில் கேட் வாசலில் புருஷனுக்காகக் காத்து நிற்கையில் என் கூச்சலைக் கேட்டிருக்கிறார்.

6. இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். சென்ற மாதம் ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமை நிறுத்தச் சொல்லி மேலிருந்து உத்தரவு வந்தது. நோட்டீஸ் பலகையில் ஒட்டிய தாளில் இருப்பது என் கையெழுத்து. வாழ்நாளில் நான் போட்டதிலேயே அழகான கையெழுத்து. வால் சுழித்து, அடிக்கோடு இழுத்து. அந்தத் தாளுக்குப் பிறகுதான் அந்தச் சாக்குக் கடை வந்திருக்கிறது. அந்த அம்மாள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. "ஞாயித்துக்கெழம வேல நின்னுபோச்சுல்ல, அதான் கட போட்டோம். உங்க நெலமைய அவரு சொல்லியிருக்காரு சார். உங்களுக்குத்தான் எங்களவிட கஷ்டமாம். நான் வெளிய சொல்லமாட்டேன்." முழு விலையை நீட்டினேன். "பேசுன வெல பேசுனதுதான்" என்று மீதியைத் திருப்பிக் கையில் வைத்தார்.

மறுநாள் அந்த மூன்றாம் மெஷின் ஆபரேட்டர் வழக்கம்போல "வணக்கம் சார்" என்றார். தக்காளி எப்படி என்று கிண்டலாக ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். கேட்கவில்லை. என் கைப்பேசியில் வீட்டு உரிமையாளர் கூப்பிடுவதைப் பார்த்ததும், கண்ணாடி அறையின் கதவை வெளியிலிருந்து மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார். ஐயா, அந்தக் கதவு சத்தமே போடவில்லை. எனக்கு மட்டும் இன்னும் கேட்கிறது.

7. தங்கள் எழுத்தர் சிரித்து முடித்தபின், "சார், நீங்க தொழிலாளி இல்ல, மேனேஜர். இது தொழிலாளிங்களுக்கான ஆபீசு" என்றார். நியாயம். கையெழுத்துப் போடும்போது நான் முதலாளி வர்க்கம். கையை நீட்டும்போது எந்த வர்க்கமும் இல்லை. பறவைகளும் விலங்குகளும் சேர்த்துக்கொள்ளாத வௌவாலைத் தாங்கள்தான் தலைகீழாகவாவது பார்க்கவேண்டும்.

8. ஆகவே என்னைப் பழைய மெஷினுக்கே இறக்கிவிட நிர்வாகத்துக்கு அறிவுரை வழங்கி, அதன் நகல் ஒன்றை எனக்கும் அளிக்க வேண்டுகிறேன். அதை வீட்டு உரிமையாளரின் கதவில் ஒட்டி அவருடைய கேவலத்தை நிரந்தரமாகத் தீர்த்துவைப்பேன்.

இதற்குக் கொசுறாக இன்னொன்று: நிறுத்திய ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமை மீண்டும் கொடுக்கச் செய்யுங்கள். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் கொசுறை மட்டும் கொடுங்கள். வாடகைக்கு வேறு வழி இருக்கிறது. இன்று மாலை நானே படியிறங்கிப் போய், ஹெல்மெட் இல்லாமல், என் சம்பளம் எவ்வளவு என்று அவரிடம் வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிறேன்.

நிலா, மான்குட்டி, போர் ஆகியவை என் கைச்சரக்கு; தாராளமாகக் கழித்துக்கொள்ளவும். அந்த ஒரு கைப்பிடி மிளகாயை மட்டும் கழிக்கவேண்டாம். அது உண்மை. எங்கள் சமையலறை ஜன்னலில் பழுத்துக்கொண்டிருக்கிறது. அதைக் கிள்ளிப் போட எனக்கு இன்னும் கை வரவில்லை.

இடம்: கண்ணாடி அறை
நாள்: மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை

இந்த ஒரு தடவை உண்மையுள்ள,
(ஒப்பம், வால் சுழிக்காமல்)
உற்பத்தி மேலாளர், தற்போதைக்கு