மாடியில் நான் நிற்கும் படம்

18-2-1971, வியாழன்

புதுக் கடைச் சுவரில் மாட்ட, தருமபுரி முழுவதும் ஒரே நீளப் படமாக வேண்டும் என்று ஜவுளிக்கடைக்காரர் எங்கள் ஸ்டூடியோவில் கேட்டிருந்தார். முந்தாநாள் என் வீட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி, கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி ஐந்து படம் எடுத்தார். உயரம் என்றாலே அவருக்குப் பயம். இறங்கியதும், "இனிமே யார் கூப்பிட்டாலும் அந்த ஏணிப் பக்கம் போவ மாட்டேன்" என்றார்.

பிரிண்டுகளை வெட்டி ஒட்டுவது என் வேலை. மூன்றாவது படத்தின் ஓரத்தில் எங்கள் வீட்டு மாடி. துணி காயப்போட வந்த நான் தொட்டியைப் பார்த்துக் கையாட்டுகிறேன், கடுகளவு உருவமாக. நான்காவது படத்திலும் அதே மாடி, ஆனால் நான் இல்லை. துணிக்கொடி மட்டும் இருக்கிறது. விளக்குக் கம்பத்தை ஒட்டி வெட்டினால் ஒட்டு தெரியாது. ஆனால் மாடி நான்காவது படத்திலிருந்து வரும்; நான் போய்விடுவேன்.

கம்பத்தின் மேல் பிளேடை வைத்தேன். மனசு வரவில்லை. மாடிச் சுவரின் விளிம்போடு வளைத்து வளைத்து வெட்டினேன். ஒரு மணி நேரம் ஆயிற்று.

சாயங்காலம் கடைக்காரர் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். "ஒட்டே தெரியலீங்களே!" என்று எடுத்துக்கொண்டு போனார்.

"ஏங்க, அதுல நான் இருக்கறேன்" என்று இவரிடம் மெதுவாகச் சொன்னேன்.

"தெரியும். உன்னையே வெட்டி எடுத்திருந்தீன்னா மறுபடியும் தொட்டி மேல ஏறியிருப்பேன்."

நாளைக்குக் கடை திறக்கிறார்கள். படத்தில் கட்டியிருக்கும் சேலையையே கட்டிக்கொண்டு போகலாமா என்று யோசிக்கிறேன்.